வழிகாட்டியும் சுக்கானும்

ஆகாய விமானத்தில் வழியைக் கணித்துச் சொல்லும் கருவி ஒன்று. விமானத்தைச் செலுத்தும் தானியங்கி வேறொன்று. முன்னது சொல்வதைப் பின்னது கேட்டாக வேண்டும். கேளாமற்போன ஓர் இரவைப் பற்றியே இன்று பெரிதும் பேசப் போகிறேன்.

இவற்றுள் தானியங்கியே மூத்தது. 1914ஆம் ஆண்டில் பாரிஸ் நகருக்கு அருகே லாரன்ஸ் ஸ்பெர்ரி என்னும் அமெரிக்க இளைஞர், பறக்கும் விமானத்தில் இரு கைகளையும் உயரத் தூக்கி, அது தானே சமநிலையில் செல்வதைக் காட்டினார். ஆனால், அக்கருவிக்குச் சாயாமல் பறக்கத் தெரியுமேயன்றித் தான் எங்கிருக்கிறோம் என்பது தெரியாது.

1983 ஆகஸ்ட் 31 அன்று அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரிலிருந்து சியோலை நோக்கி ஒரு போயிங் 747 புறப்பட்டது. கொரியன் ஏர் லைன்ஸின் 007ஆம் எண் விமானம் அது. இருக்குமிடத்தைக் கணித்துக்கொண்டேயிருக்கும் கருவிகள் மூன்று அதில் இருந்தன. ஒன்று பழுதானாலும் மற்றவை உதவும் என்னும் முன்யோசனை! ஆயினும் தானியங்கி அவற்றின் சொற்படி செல்லாமல், ஒரே காந்தத் திசையைப் பற்றிக்கொண்டு சென்றது. ஏன்? பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1993இல் வெளியிட்ட அறிக்கை, காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும் என்றது. தெரிவுக் குமிழ் திசை நிலையிலேயே விடப்பட்டிருக்கலாம். அல்லது, குமிழைத் திருப்பிய வேளையில் விமானம் பாதையிலிருந்து ஏழரைக் கடல் மைலுக்கும் அப்பால் விலகியிருக்கலாம். அவ்வளவு விலகிவிட்டால் தானியங்கியால் பாதையைப் பற்ற இயலாது. ஐந்து மணி நேரத்திற்கு மேலாகியும் விமானிகள் இதனை உணரவில்லை. சோவியத் வான்வெளியில் புகுந்த அவ்விமானத்தைச் சகாலின் தீவருகே ஒரு போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேரும் மாண்டனர். சுட்டது கொடுஞ்செயல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அவர்களை அங்கே கொண்டு சேர்த்தது இரு கருவிகள் இணையாமற்போனதே.

இரண்டே வாரங்களில், செப்டம்பர் 16 அன்று, ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் அமைப்பு முற்றுப்பெற்றதும் பொதுமக்கள் விமானங்களும் அதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க அரசு அறிவித்தது.

எனினும், இடத்தைத் துல்லியமாக அறிந்தால் மட்டும் போதாது. அச்செய்தி தானியங்கிக்குப் புரிய வேண்டும். பெரிய விமானங்களுக்கென 1970களின் பிற்பகுதியில் அரிங்க் 429 என்னும் விதி வகுக்கப்பட்டது. அதன்படி ஒவ்வொரு செய்திச் சொல்லும் 32 பிட் நீளமுடையது; தகவல் நம்பத்தக்கதா என்று தெரிவிக்கும் குறியும் அதனுள்ளேயே உண்டு. அனுப்பும் வேகம் இரண்டே: நொடிக்கு 1,00,000 பிட், அல்லது ஏறத்தாழ 12,500 பிட். சிறிய விமானங்களிலோ 9600 போன்ற வேகங்களில் எளிய தொடர் கம்பி இணைப்பும் வழங்குகிறது. ஒருபுறம் 9600 என்றும் மறுபுறம் 4800 என்றும் அமைத்துவிட்டால், கம்பியில் பழுதில்லாதபோதும் செய்தி சிதைந்தே வந்து சேரும். ஆதலின், கருவிகளைப் பொருத்துவோர் இருபுறத்து வேகத்தையும் செய்தியமைப்பையும் ஒப்பிட்டுத் தரையிலேயே சோதிக்கின்றனர். அதன் பின்னரே விமானம் மேலெழுகிறது.