பந்தைத் தொடலாம், டம்ளரைத் தொடக் கூடாது

விளையாட்டுல சாதி இல்லைன்னு சொல்றவங்க நம்ம ஊர்ல நிறைய. டீக்கடையில சொல்றாங்க, பள்ளிக்கூட ஆண்டு விழா மேடையில சொல்றாங்க, பத்திரிகைத் தலையங்கத்திலயும் எழுதுறாங்க. திறமை இருந்தா அணியில இடம் உண்டு, இல்லாட்டி கிடையாது, பந்துக்குச் சாதி தெரியாது என்பதுதான் வாதம். பந்துக்குத் தெரியாதுதான். பந்தைக் கையில் கொடுக்கிறவனுக்குத் தெரியும். யார் அணியில், யார் தலைவன், யார் உள்ளே உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம், யார் வெளியே நிற்கணும் என்று முடிவு செய்கிறவனுக்கு நன்றாகவே தெரியும். இந்த நாட்டின் விளையாட்டு அணிகளுடைய வரலாற்றை அந்த இடத்திலிருந்து வாசித்துப் பார்க்கலாம்.

பல்வங்கர் பலூ என்ற பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? 1876இல் தார்வாரில் பிறந்தவர். தோல் வேலை செய்யும் சமார் சாதி. பூனாவில் பார்சிக்காரர்களின் கிரிக்கெட் கிளப்பில் ஆடுகளத்தைக் கூட்டி உருட்டும் வேலை, மாதம் 3 ரூபாய். பிறகு வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்பில் கொஞ்சம் கூடுதல் சம்பளம். ஆடுகளம் தயார் செய்வது, வலை கட்டுவது, வெள்ளைக்கார அதிகாரிகள் மட்டை பிடித்துப் பழக மணிக்கணக்காகப் பந்து போடுவது. கிரெய்க் என்ற துரை இவருடைய பந்தில் ஆடியே பெரிய ஆட்டக்காரர் ஆனார். ஆனால் பலூவின் கையில் மட்டையை மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

இதை நாம கொஞ்சம் நின்னு யோசிக்கணும். பந்து போடுவது உடம்பை வருத்தும் வேலை. மட்டை பிடிப்பது துரைமார், ராஜாக்கள் வேலை. ஒருத்தன் வெயிலில் ஓடி ஓடிப் போடுவான், இன்னொருத்தன் நின்ற இடத்தில் அடிப்பான், அடித்ததைப் பொறுக்கி வர மறுபடியும் முதலாமவன் ஓடுவான். வயலில் உழுகிறவனுக்கும் களத்து மேட்டில் நின்று அளக்கிறவனுக்கும் உள்ள உறவு, கிரிக்கெட் மைதானத்துக்கு அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது. அந்த உழைப்பிலிருந்தே ஒரு மகத்தான இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் உருவானார் என்பது அவருடைய சாமர்த்தியம்.

பூனாவில் இந்துக்கள் கிளப் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரனை ஜெயிக்கணும், அதற்குப் பலூ வேணும். சேர்க்கலாமா கூடாதா என்று பஞ்சாயத்து நடந்தது. தெலுங்கு உறுப்பினர்கள் சேர்க்கலாம் என்றார்கள், மராட்டியப் பார்ப்பனர்கள் எதிர்த்தார்கள் என்று ராமச்சந்திர குகா தன் கிரிக்கெட் வரலாற்று நூலில் எழுதுகிறார். கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். எப்படி? மைதானத்தில் எல்லோரும் அதே பந்தைத் தொடுவார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடிக்க, பலூவுக்கு வெளியே மண் குவளையில் ஊற்றிக் கொடுப்பார்கள். குடித்துவிட்டு எறிந்துவிட வேண்டியதுதான். சாப்பாட்டுக்குத் தனி மேசை. முகம் கழுவத் தண்ணீர் ஊற்றவும் தலித் வேலையாள் ஒருவர்.

தோல் பந்து அது. செத்த மாட்டின் தோல். அதைத் தைக்கிறவன் தீட்டு, தொடுகிறவன் தீட்டு என்பது சாஸ்திரம். ஆனா விளையாடும்போது தோல் தீட்டாகலை. பலூவின் விரல் பட்ட பந்தைப் பார்ப்பனப் பிள்ளைகள் பாய்ந்து பிடிக்கிறார்கள். அதே விரல் பட்ட கோப்பை மட்டும் தீட்டாயிடுச்சு. ஆக, தீட்டுக்கு விதி ஒன்றுதான்: எங்கே நமக்கு ஆதாயமோ அங்கே தீட்டு விலகிக்கொள்ளும், எங்கே சமமாக உட்கார வேண்டுமோ அங்கே திரும்பி வந்துவிடும்.

நம்ம மெட்ராஸ் கதையையும் சேர்த்துப் பார்ப்போம். சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரர் கிளப்பில் இந்தியருக்கு இடமில்லை. அந்த அவமானம் பொறுக்காமல்தான் புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை உண்டாக்கினார். இந்தியர் ஒரு பக்கம், ஐரோப்பியர் ஒரு பக்கம் என்று மோதும் பொங்கல் போட்டி பிறகு 1915-16இல் தொடங்கியது. இந்திய விளையாட்டின் சுயமரியாதைக் கதையாக இதைச் சொல்வார்கள். சொல்லட்டும், நியாயம்தான். ஆனால் வெள்ளைக்காரன் நம்மை வெளியே நிறுத்தினால் அவமானம், நாம் இன்னொருத்தனை வெளியே நிறுத்தினால் ஆசாரம் என்கிற மனசுக்கு அந்தக் கதையில் பதில் இல்லை.

பம்பாய் விவகாரம் இன்னும் வெளிப்படையானது. அங்கே அணிகளே மதவாரியாக இருந்தன. ஐரோப்பியர், பார்சி, இந்து என்று 1907இலிருந்து மும்முனைப் போட்டி, 1912இல் முஸ்லிம் அணியும் சேர்ந்து நான்குமுனை, 1937இல் மிச்சமுள்ளவர்களுக்கு ஓர் அணி என்று ஐந்துமுனை. இந்த வரிசையில் தீண்டப்படாதவன் எங்கே? இந்து அணியில். கோயிலுக்குள் வராதே என்று சொன்ன அதே இந்து சமூகம், பந்து வீச மட்டும் வா, நீ இந்துதான் என்றது. 1906 பிப்ரவரியில் இந்து அணி வெள்ளைக்காரர் அணியை 109 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. நாடே கொண்டாடியது. அந்த வெற்றியில் பலூவும் அவர் தம்பி சிவராமும் இருந்தார்கள். பின்னர் கண்பத், விட்டல் என்று இன்னும் இரண்டு தம்பிகளும் இந்து அணிக்கு ஆடினார்கள்.

1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் ஓர் இந்திய அணி இங்கிலாந்து போனது. அணி தோற்றுக்கொண்டே இருந்தது. பலூ மட்டும் 114 விக்கெட் எடுத்தார், அப்போது அவருக்கு 35 வயது. திரும்பி வந்தபோது பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் ஒரு வரவேற்பு கொடுத்தார்கள். அதில் வாழ்த்துமடல் எழுதியவர் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 20 வயது இளைஞர் என்று குகா எழுதுகிறார். அந்த இளைஞர் பெயர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர். நம்மில் ஒருத்தன் ஜெயித்துவிட்டு வந்தால் நமக்கு என்ன ஆகிறது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

இத்தனை செய்தவருக்குத் தலைமை கொடுத்தார்களா? கிடையாது. 1920இல் இந்து அணியின் தலைவர் பை. அவரால் ஆட முடியாதபோது தலைமையைத் தேவ்தருக்குக் கொடுத்தார்கள். பலூவை அணியிலேயே சேர்க்கவில்லை. சிவராமும் விட்டலும் பொறுக்கவில்லை. நாங்கள் ஆடமாட்டோம் என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டு விலகிக்கொண்டார்கள். பம்பாயில் பெரிய விவாதம் கிளம்பியது. அப்புறம் பை திரும்பி வந்தார், பலூ துணைத் தலைவரானார், தம்பிகளும் ஆடினார்கள். தலைவர் மைதானத்தை விட்டு வெளியே போன கொஞ்ச நேரம் பலூ அணியை நடத்தினார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது. ஆனால் 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார், ஐரோப்பியரைத் தோற்கடித்துக் கோப்பையையும் வாங்கினார். இது யாரும் கொடுத்த கொடை இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் விலகி நின்ற அந்தப் போராட்டத்தின் விளைச்சல். விட்டல் பிறகு மராத்தியில் தன் விளையாட்டு வாழ்க்கையை எழுதி வைத்தார். அவர் எழுதியதால்தான் இன்று நமக்கு இவ்வளவாவது தெரிகிறது.

வெளிநாட்டுக் கதையும் இதுதான். மேற்கிந்தியத் தீவுகள் அணி 1928இல் டெஸ்ட் ஆடத் தொடங்கியது. ரன் எடுத்தவர்களும் விக்கெட் எடுத்தவர்களும் பெரும்பாலும் கறுப்பர்கள். ஆனால் ஒரு தொடர் முழுவதும் கறுப்பர் ஒருவர் தலைமை ஏற்க 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஃபிராங்க் வொரலுக்காக சி.எல்.ஆர். ஜேம்ஸ் பத்திரிகையில் விடாமல் எழுதினார். கறுப்பன் ஆடலாம், அவனுக்கு மூளை வேலை எதற்கு என்பது அவர்கள் வாதம். சேரிக்காரன் பந்து போடட்டும், வியூகம் வகுக்க நாங்கள் இருக்கிறோம் என்பது இவர்கள் வாதம். திறமையை ஒத்துக்கொள்வது அவர்களுக்குச் சிரமமே இல்லை. அந்தத் திறமைக்குக் கீழ்ப்படிவதுதான் சிரமம்.

இனி அரசியல். 1932இல் தனி வாக்காளர் தொகுதி வந்தது, காந்தி உண்ணாவிரதம் இருந்தார், செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம். இடங்கள் 148 ஆகக் கூடின, ஆனால் இறுதித் தேர்வு பொது வாக்காளர் கைக்குப் போனது. தலித்துகள் நான்கு பேரை முன்னிறுத்தலாம், அதில் யார் என்பதை எல்லா இந்துக்களும் சேர்ந்து முடிவு செய்வார்கள். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இது புதிதா என்ன? தேர்வுக் குழு யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குப் பிடித்தவன்தான் அணிக்குள் வருவான். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் நம்ம எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் உண்டு, பலூவும் உண்டு.

ஐந்து வருஷம் கழித்து, 1937 தேர்தலில், பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் பலூ. வாழ்த்துமடல் எழுதியவரும் வாங்கியவரும் எதிரெதிரே. அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள், பலூவுக்கு 11,225. அம்பேத்கர் ஜெயித்தார். அதே தேர்தலில் இங்கே மெட்ராஸ் மாகாணத்தில் காங்கிரசின் முழங்கும் குரலாக இருந்தவர் எங்க திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி. அவர் ஊர்க்காரன் என்பதில் எங்களுக்குப் பெருமை சொல்லிக் கொடுத்தே வளர்த்தார்கள். பலூவைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

பலூவைத் துரோகி என்று தூக்கி எறிய நான் தயாரில்லை. மண் குவளையில் தேநீர் வாங்கிக் குடித்த மனிதர், தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அனுமதித்தவர்களை நம்பினார். அந்த நம்பிக்கையை அவர்கள் அம்பேத்கருக்கு எதிரான ஆயுதமாக்கிக்கொண்டார்கள். 20 வருஷம் தலைமை கொடுக்க மனசில்லாதவர்களுக்கு, அம்பேத்கரைத் தோற்கடிக்கணும் என்றதும் பலூ தலைவராகத் தெரிந்தார். நம்முடைய வெற்றியாளர்களை யார், எந்த நேரத்தில், எதற்காக மேடையேற்றுகிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

பழைய கதை, விடுங்க என்பார்கள். திருமயம் கோட்டையைச் சுத்தி உள்ள ஊர்களில் கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் அணி இல்லாத ஊர் கிடையாது. எங்க தெருப் பசங்க ஒரு தடவை பக்கத்து ஊர்ப் போட்டியில் இறுதி ஆட்டம் ஜெயித்தோம். மைக்கில் ஊர்ப் பேரைச் சொல்லிக் கூப்பிடாமல் 'காலனி டீம்' என்றே கூப்பிட்டார்கள். மற்ற அணிக்கெல்லாம் ஊர்ப் பேரு, எங்களுக்கு மட்டும் காலனி. பரிசளிப்பு கோயில் திடலில் என்று நோட்டீசில் அச்சடித்திருந்தது. நாங்கள் ஜெயித்ததும் விளையாடின பொட்டலிலேயே வைத்துக் கோப்பையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பெரியம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கு: "ஏப்பா, கப்பு குடுத்தாங்க சரி, தண்ணி குடுத்தாங்களா?"

பெரியம்மா கேட்ட கேள்விக்கு மாவட்டமே பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித்துகளின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. விசாரிக்கப் போன அதிகாரிகள் அங்கே டீக்கடையில் இரட்டை டம்ளரையும் பார்த்தார்கள். பூனாவின் மண் குவளைக்கு வயது நூற்றைத் தாண்டிவிட்டது, அது இன்னும் உடையவில்லை.

மைதானமும் மாறிவிடவில்லை. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்றது. அதே ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்னால், ஹரித்வார் பக்கம், சிலர் பட்டாசு வெடித்தார்கள். அணியில் தலித்துகள் அதிகம், அதனால்தான் தோல்வி என்று கத்தியதாக வழக்குப் பதிவானது. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் பரீட்சைக்குப் போன 11ஆம் வகுப்பு தலித் மாணவர் ஒருவரைப் பேருந்திலிருந்து இழுத்து இறக்கிக் கை விரல்களை வெட்டினார்கள். கபடியில் தோற்ற ஆத்திரம் என்று அவருடைய குடும்பத்தார் சொன்னார்கள். தோற்றாலும் நம்மால் தோற்றதாக ஆகிறது, ஜெயித்தால் விரல் போகிறது.

அதனால விளையாட்டு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நம்ம பிள்ளைகள் ஆடணும், இன்னும் நிறைய ஆடணும். கூடவே சில கேள்விகளையும் விடாமல் கேட்கணும். கல்லூரி அணியைத் தேர்வு செய்கிற மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பயிற்சியாளர் யார்? மாவட்டச் சங்கத்தின் கணக்குப் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது? கேப்டன் யார்? பரிசளிப்பு எந்தத் தெருவில்? விட்டலும் சிவராமும் 1920இல் கேட்டது இதைத்தான். பதில் வரும்வரை ஆடமாட்டோம் என்று நின்றார்கள், பதில் வந்தது.