நரைக்கு அவுரி

எங்க சந்தவாசல்ல சலூன்ல தலைக்குச் சாயம் அடிக்கிற காசுக்கு ரெண்டு நாள் காய்கறி வாங்கிடலாம். அதனால பாக்கெட் பொடி வாங்கி வீட்டுலயே பூசிக்கிட்டேன். மறுநாள் நெத்தி, காதோரமெல்லாம் வீங்கிப்போச்சு. மூணு நாள் கழனிப் பக்கமே போகல.

டாக்டர் பொடியோட அட்டையைப் பார்த்துட்டு, "பாரா ஃபினைலின் டை அமின், இதான் காரணம்"னார். கறுப்புச் சாயங்கள்ல அதிகம் சேர்க்கிறது இதுதானாம். செயற்கைத் தலைச்சாயத்தை 1907-ல உருவாக்கி வித்தவர் யூஜின் ஷுவெல்லர்ங்கிற பிரான்ஸ்காரர். 1909-ல அவர் ஆரம்பிச்ச கம்பெனிதான் இன்னைக்கு லோரியல்.

அதுக்கு முன்னாடி நரைக்கு மருதாணியும் அவுரியும்தான். துணிக்கு நீலம் குடுத்த அதே அவுரி. வெள்ளைக்காரன் காலத்துல தென்னாற்காடு ஜில்லாவுல நிறைய விளைஞ்சுது. 1897-ல ஜெர்மனியோட பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்துச்சு. அவுரி விலை விழுந்தது, விவசாயி கைவிட்டான். ஆனா செடி அழியல. திண்டிவனம் பக்கம் இன்னும் பயிர் வைக்கிறாங்க. அந்த இலைப்பொடிதான் இப்போ தலைக்கு வருது.

முதல்ல மருதாணி பூசி அலசணும். அப்புறம் அவுரிப்பொடியை வெதுவெதுப்பான தண்ணில கரைச்சு, கால்மணி நேரம் விட்டுப் பூசணும். வெறும் அவுரி நரையில சரியா பிடிக்காது. "கறுப்பு மருதாணி"ன்னு விக்கிறதுல அதே ரசாயனம் கலந்திருக்கலாம், அட்டையைப் படிங்க. எதுவானாலும் முழங்கை மடிப்புல கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பாருங்க.

நான் பார்க்காம பூசினவன். அதான் சொல்றேன்.