பால் மரமும் நேர்விளிம்பும்



சென்ற வாரம் நூலகத்தில் மாணவன் ஒருவன் வாசிப்பு மேசையைத் தடவிப் பார்த்து, "ஐயா, இது ஒரே பலகையா, பல பலகைகளா?" என்று வினவினான். உற்று நோக்கினால், உள்ளங்கை அகலத் துண்டுகள் வரிசையாக ஒட்டப்பட்டிருப்பது தெரியும். "பல துண்டுகள் தாம். இது பால் மரம்" என்றேன். "பால் மரம் என்றால் என்ன ஐயா?" என்று அடுத்த கேள்வி வந்தது. அவனுடைய தாத்தா தோட்டத்தில் பால் வெட்டியவர் என்பதை நான் அறிவேன். அக்கேள்வி என்னை உறங்க விடவில்லை.

1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவிற்குக் கொண்டு சேர்த்தார். மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அங்குப் பூங்கா இயக்குநராயிருந்த ரிட்லி, ரப்பர் பயிரிடுமாறு தோட்டக்காரர்களை ஓயாது வற்புறுத்தினார். அவர் சொல்லுக்குச் செவிசாய்த்து, 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறக்குறைய 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டவர் டான் சாய் யான். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் எனக் கூறப்படும் அது, நம் மலாக்கா மண்ணிலேயே அமைந்தது. பின்னர்க் கங்காணிகள் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து நம் முன்னோர் வந்த கதையை மீண்டும் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் அம்மரத்தின் கட்டையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 25 அல்லது 30 ஆண்டுகள் பால் கொடுத்த மரம் மறுநடவின்போது சாய்க்கப்படும். என் இளமையில் அது வெறும் விறகே. புகைக்கூடத்தில் ரப்பர்த் தகடுகளை உலர்த்த எரிந்தது. செங்கற் சூளைக்குச் சென்றது. லயத்து அடுப்பிலும் எரிந்தது. என் தந்தையார் அக்கட்டையில் ஒரு முக்காலிகூடச் செய்ததில்லை. "பூச்சி தின்னும் மரம்" என்பார். அவர் கூற்று பிழையன்று. மாவுச்சத்து மிகுந்த மரமாதலால், வெட்டிய ஓரிரு நாள்களிலேயே நீலப்பூஞ்சை படரும். துளைவண்டுகளும் வந்து சேரும்.

1970களின் பிற்பகுதியிலிருந்து நிலை மாறிற்று. கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகள் இதற்குத் துணை நின்றன. அறுத்த பலகையை உடனே அழுத்தத் தொட்டியிலிட்டுப் போரான் கரைசலை உட்செலுத்தி, பின் சூளையில் உலர்த்தினால் பூச்சி அண்டாது. 1980களில் அது ஏற்றுமதித் தளவாடமாயிற்று. நமக்கு அண்டையிலுள்ள மூவார் தளவாடத் தொழிலால் பெயர் பெற்றது. எனினும் மரம் பருமனற்றது. கிடைக்கும் பலகையோ குறுகியது. எனவே அகலம் வேண்டுமெனில் ஒட்டித்தான் ஆகவேண்டும்.

பாச்சாங்கில் என் தாய்மாமா சிறிய தச்சுப்பட்டறை வைத்திருந்தார். நான் பள்ளி விடுமுறைகளில் அங்கு எடுபிடி. பால் மரம் அறுக்கும்போதே வளையும் குணமுடையது. உள்ளே இறுகியிருக்கும் நார் விடுபட்டதும் பலகை வில்லாகிவிடும். வட்டவாள் மேசையின் வழிகாட்டிச் சட்டத்தில் வளைந்த விளிம்பை அணைத்துத் தள்ளினால், மறுவிளிம்பும் நேராக அமையாது. எனவே மாமா, நேர்விளிம்புடைய ஒட்டுப்பலகை ஒன்றன்மேல் வளைந்த பலகையை அசையாமல் பொருத்துவார். வாள் பக்கம் அது சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அடிப்பலகை சட்டத்தை ஒட்டி நகர, மேலுள்ளது நேராக அறுபடும். பின்பு அதைக் கழற்றி, அந்த நேர்விளிம்பையே சட்டத்தில் அணைத்து மறுபுறத்தை அறுப்பார். கடைசிச் சாணைத் தள்ளுகட்டையால்தான் தள்ள வேண்டும். விரலை அருகே கொண்டுபோனால் தலையில் குட்டு விழும்.

ஒருமுறை அவர் இல்லாத வேளையில் நானே புத்தக அடுக்குக்கு இரு பலகைகளை ஒட்டினேன். நடுவே நகக்கண் அளவு இடைவெளி. பசை நிரப்பிவிடும் என்றெண்ணி, கிடுக்கியால் இறுக்கி மூடினேன். சில மாதங்களில் அதே கோட்டில் விரிந்தது. "பசை இட்டு நிரப்புகிற மண்ணாடா? மெல்லிய படலமாக இருந்தால்தான் பிடிக்கும்" என்றார் மாமா. அதன்பின் இரு விளிம்புகளையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்காமல் பசைப் புட்டியைத் தொட்டதில்லை.

கணித ஆசிரியர்கள் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. வாள் 90 பாகைக்குப் பதில் 89 பாகையில் சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். எல்லாப் பலகைகளையும் ஒரே முகம் மேலாக அறுத்து ஒட்டினால், ஓர் இணைப்பில் 89உம் 89உம் சேர்ந்து 178 ஆகும். ஐந்து பலகைகளில் நான்கு இணைப்புகள். மேசை 8 பாகை வளைந்துவிடும். மாமாவோ, இணையும் இரு விளிம்புகளில் ஒன்றை முகம் மேலாகவும் மற்றொன்றை முகம் கீழாகவும் அறுப்பார். 89உம் 91உம் சேர்ந்து 180. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். மிகைநிரப்புக் கோணம் என்ற சொல்லைக் கேட்டிருக்கவே மாட்டார்.

அடுத்த வாரக் கோணப் பாடத்தில் தடித்த அட்டைகளைக் கொண்டு இதைச் செய்துகாட்ட எண்ணியுள்ளேன். வீட்டில் பால் மரத் துண்டுகள் வைத்திருக்கும் பெற்றோர் இரண்டு மூன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினால் உதவியாயிருக்கும். அம்மாணவனின் தாத்தாவையும் அன்று வருமாறு அழைத்திருக்கிறேன். பழைய பால்வெட்டுக் கத்தி ஒன்று இன்னும் தம்மிடம் இருப்பதாகவும், அதைக் கொண்டு வருவதாகவும் கூறியுள்ளார்.