வாலைக்குள் இறங்கியவர்

முதல் நாள் எனக்குக் கொடுத்த அட்டையில் ‘விசிட்டர்’ என்றுதான் போட்டிருந்தது. கிளாஸ்கோவில் முதுநிலை படித்துக்கொண்டிருந்தபோது கிடைத்த மூன்று மாத இன்டர்ன்ஷிப் அது. பெயர் போட்ட அட்டை வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை பாத்ரூம் போய்விட்டு வந்தால்கூட கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே யாராவது தலை நிமிர்கிறார்களா என்று பார்க்க வேண்டும். யாரும் மோசமாக நடந்துகொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிடுவார்கள். ஆனால் எனக்கென்று ஒரு வேலையும் தரவில்லை. “எல்லாத்தையும் பாருங்க, கேள்வி கேளுங்க” என்பதோடு சரி. ராத்திரி அம்மா போனில், “ஆபீஸ்ல எல்லாரும் நல்லாப் பழகுறாங்களாப்பா?” என்று கேட்டார். “பழகுறாங்கம்மா” என்றேன். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

அந்த வாரத்தில்தான், பக்கத்து மேசையில் இருந்த வயதான ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் மசதகா தகெட்சுருவின் பெயரைச் சொன்னார். “நூறு வருஷம் முன்னாடி உங்கள மாதிரியே ஒரு பையன் இந்த ஊருக்குப் படிக்க வந்தான். பேரத் தேடிப் பாருங்க.” செய்வதற்கு வேறு வேலை இல்லாததால் தேடினேன்.

*

1918 டிசம்பரில் கிளாஸ்கோ வந்து சேர்ந்தபோது தகெட்சுருவுக்கு வயது 24. ஹிரோஷிமா மாகாணத்தில் தகேஹாரா என்ற ஊரில், தலைமுறைகளாக சாக்கே எனும் அரிசி மது தயாரித்த குடும்பம். ஒசாகாவில் மது தயாரிப்பையே தொழில்நுட்பமாகப் படித்துவிட்டு, 1916இல் செட்சு சுசோ என்ற கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் காலத்து ஜப்பானில் விஸ்கி என்று விற்றதில் பெரும்பகுதி, வெறும் ஆல்கஹாலில் நிறமும் வாசனையும் கலந்த சரக்கு. இது ரொம்ப நாள் ஓடாது, நிஜமான விஸ்கியை நாமே வடிக்க வேண்டும் என்று கம்பெனித் தலைவர் கீஹெய் அபே நினைத்தார். அதைக் கற்றுவர ஓர் ஆள் வேண்டும். சேர்ந்து இரண்டு வருடமே ஆன தகெட்சுரு கப்பலேறினார்.

போர் இன்னும் முடியாத நேரம். அமெரிக்கா வழியாகச் சுற்றி, அங்கிருந்து அட்லாண்டிக்கைக் கடக்க அனுமதிக்குக் காத்திருந்து, ஒருவழியாக வந்து சேர்ந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திலும் ராயல் டெக்னிகல் காலேஜிலும் வேதியியல் வகுப்புகளுக்குப் பதிந்துகொண்டார்.

அவர் வந்த நேரத்து கிளாஸ்கோவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். போரிலிருந்து திரும்பிய ஆண்களால் ஊர் நிரம்பியிருந்தது. அத்தனை பேருக்கும் வேலை இல்லை. 1919 ஜனவரி 23 அன்று, கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் வெள்ளையின மாலுமிகள் கறுப்பின மாலுமிகளை அடித்துத் துரத்தினார்கள். அடிவாங்கியவர்களில் பலர் பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்கள். எட்டு நாள் கழித்து, ஜனவரி 31 அன்று, வாரத்துக்கு 40 மணி நேர வேலை கேட்டு ஜார்ஜ் சதுக்கத்தில் கூடிய தொழிலாளர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. அடுத்து ராணுவமே ஊருக்குள் வந்தது. ‘வெளியூர்க்காரன் நம்ம வேலையைப் பிடுங்குகிறான்’ என்ற பேச்சு இன்றைக்குப் புதிதாக வந்ததில்லை. அந்தப் பேச்சு தெருவில் உருண்டுகொண்டிருந்த மாதத்தில்தான், ஒரு ஜப்பானிய மாணவர் அந்த நாட்டின் முக்கியமான தொழில் ஒன்றைக் கற்க வழி தேடிக்கொண்டிருந்தார்.

*

வகுப்பில் வேதியியல் கிடைத்தது. விஸ்கி கிடைக்கவில்லை. நொதித்தல் எப்படி நடக்கிறது என்று பேராசிரியர் சொல்லித்தரலாம். ஆனால் வடியும் திரவத்தில் எந்த நிமிஷத்தில் முதல் பகுதியைத் தள்ளிவிட்டு நடுப்பகுதியைப் பிடிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது வாலைக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்குத்தான் தெரியும். வாலை என்பது நம் சித்த வைத்தியத்தில் திராவகம் வடிக்கும் பாத்திரத்தின் பெயர். அதையே செம்பில், ஒரு அறை அளவுக்குப் பெரிதாக யோசித்துக்கொள்ளுங்கள்.

விஸ்கி தயாரிப்பு பற்றி ஜே. ஏ. நெட்டில்டன் என்பவர் எழுதிய தடிமனான நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. நூலாசிரியர் வடக்கே எல்ஜின் என்ற ஊரில் இருக்கிறார் என்று அறிந்து நேரிலேயே போய்விட்டார். நெட்டில்டன் கற்றுத்தர மறுக்கவில்லை. ஆனால் கேட்ட கட்டணம் இந்த மாணவரின் கைக்கு எட்டாத தொகை. திரும்பிப் போவதற்குப் பதிலாக, அந்தப் பகுதியிலேயே இருந்த வடிசாலைகளைக் கேட்டுப் பார்த்தார். லாங்மார்ன் வடிசாலையின் மேலாளர் சம்மதித்தார். 1919 ஏப்ரலில், ஐந்தே நாள்.

தொழிற்சாலைப் பயிற்சி என்று அவருக்கு முதன்முதலில் கிடைத்தது இந்த ஐந்து நாள்தான். வெள்ளை கோட்டு மாட்டிக்கொண்டு, கையில் நெட்டில்டனின் புத்தகத்தோடு போய் நின்றாராம். எனக்கு அந்தக் காட்சி நன்றாகப் புரிகிறது. முதல் நாள் நானும் அளவுக்கு மீறித் தேய்த்த சட்டையோடுதான் போயிருந்தேன்.

வாலையைக் கழுவ ஆள் உள்ளே இறங்க வேண்டும். நெருக்கமான வாய், உள்ளே கரி பிடித்த சுவர், மூச்சுமுட்டும் நாற்றம். அங்கே வேலை செய்தவர்களே தள்ளிப்போடும் வேலை அது. தகெட்சுரு அதைத் தானே கேட்டு வாங்கிச் செய்தார் என்று அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். உள்ளே இறங்கினால்தானே வாலையின் உள்வடிவம் தெரியும் என்று கணக்குப் போட்டார் என்பார்கள். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பார்வையாளராக வந்தவர், கரியோடு வெளியே வரும்போது பார்வையாளராக இருந்திருக்க மாட்டார். ஒருவரை நம் ஆளாக நினைப்பதற்கு முன், அவர் நம்முடைய மோசமான வேலையைத் தொடுகிறாரா என்றுதான் எல்லா ஊர்த் தொழிலாளர்களும் பார்க்கிறார்கள்.

அந்த வருடம் ஜூலையில் போனெஸ் என்ற துறைமுக ஊரின் வடிசாலைக்குப் போனார். அங்கே இருந்தது காஃபி வாலை. குடிக்கிற காபி இல்லை. ஏனியாஸ் காஃபி என்ற அயர்லாந்துக்காரர் 1830இல் காப்புரிமை வாங்கிய, தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும் வாலை. பகலில் மாணவரை இயந்திரத்தைத் தொட விட மாட்டார்கள். இரவு ஷிப்டில் இருந்த வயதான தொழிலாளி ஒருவர்தான் அதை இயக்கக் கற்றுக்கொடுத்தார் என்று தகெட்சுரு பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தப் பெரியவரின் பெயர் வரலாற்றில் நிற்கவில்லை. அனுமதிக் கடிதம் எழுதுவது கம்பெனி. இரவு ரெண்டு மணிக்கு “வா தம்பி, இதைப் பிடி” என்று வால்வைக் காட்டுவது ஒரு மனுஷன். 44 வருடம் கழித்து, 1963இல், தகெட்சுருவின் சொந்தக் கம்பெனி ஸ்காட்லாந்திலிருந்து ஒரு காஃபி வாலையை வரவழைத்தது.

*

இதற்கிடையே ஒரு வீடும் கிடைத்திருந்தது. பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த எல்லா கவன் என்ற பெண், தன் தம்பிக்கு ஜூஜுட்சு சொல்லித்தர முடியுமா என்று கேட்டு, கிர்க்கின்டில்லாக் என்ற சிற்றூரில் இருந்த வீட்டுக்கு அழைத்துப்போனார். அவர்களின் தந்தை 1918இல்தான் இறந்திருந்தார். அந்த வீட்டில் எல்லாவின் அக்கா ஜெஸ்ஸி ரொபர்ட்டா, வீட்டில் ரீட்டா, இருந்தார். 1920 ஜனவரி 8 அன்று கிளாஸ்கோ பதிவு அலுவலகத்தில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். இரண்டு குடும்பமும் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்து அவர்கள் போய்த் தங்கிய இடம், கின்டயர் தீபகற்பத்தின் நுனியில் இருக்கும் கேம்பல்டவுன். அங்குள்ள ஹேசல்பர்ன் வடிசாலையில் 1920 மே வரை சில மாதம் பயிற்சி. அதன் பொறுப்பாளர் பீட்டர் இன்னஸ் ஒரு வேதியியலாளர், கேட்டதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். மாலையில் வந்து தகெட்சுரு எழுதுவார். பார்லியை முளைக்கவிடுவது, புகையில் உலர்த்துவது, ஊறல், நொதிப்பு, வாலையின் அளவுகள், பீப்பாய்கள் என்று படம் வரைந்து எழுதியது இரண்டு நோட்டுப்புத்தகம் ஆயிற்று.

இந்த இடத்தில் ஒரு சங்கடமான கேள்வி இருக்கிறது. இது கல்வியா, களவா? அந்த நோட்டுகள் அவருடைய சொந்த நினைவுக்காக எழுதியவை அல்ல. ஜப்பானில் இருந்த கம்பெனிக்காக எழுதிய அறிக்கை. 1960களில் ஜப்பானுக்கு வந்த பிரிட்டிஷ் அமைச்சர் ஒருவர், ஒரு இளைஞன் பேனாவும் நோட்டும் வைத்துக்கொண்டு எங்கள் விஸ்கி ரகசியத்தைக் கொண்டுபோய்விட்டான் என்று வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு. பாராட்டுதான். ஆனால் வேறு ஊரிலிருந்து படிக்க வந்த எல்லோரும் ஏதோ ஒரு நாள் கேட்கிற பாராட்டு. ‘கற்றுக்கொண்டான்’ என்பதும் ‘கொண்டுபோய்விட்டான்’ என்பதும் ஒரே செயலின் இரண்டு பெயர்கள். எந்தப் பெயர் கிடைக்கும் என்பது உங்களை அவர்கள் எங்கே வைத்துப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

தகெட்சுரு ஒளித்து எதையும் எழுதவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லித்தந்தவர்களுக்கு அவர் எதற்காக எழுதுகிறார் என்று தெரியும். தெரிந்தே தந்தார்கள். ஜப்பான் ஒரு நாள் போட்டிக்கு வரும் என்று நினைக்காத அலட்சியமும் அதில் கலந்திருக்கலாம். தன் தொழிலை இவ்வளவு கவனமாகக் கேட்கும் ஓர் ஆள் கிடைத்த சந்தோஷமும் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் திருமணம் நடந்து ஒன்பது நாளில், 1920 ஜனவரி 17 அன்று, அமெரிக்காவில் மதுவிலக்கு அமலுக்கு வந்திருந்தது. கேம்பல்டவுன் விஸ்கியின் பெரிய சந்தைகளில் ஒன்று அது. 1920களில் அந்த ஊரின் வடிசாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஹேசல்பர்ன் 1925இல் நின்றுபோனது. போனெஸும் மூடப்பட்டது. ‘திருடப்பட்ட’ முறையை, பிறந்த இடத்தில் செய்ய ஆள் இல்லாமல் போய், நோட்டுப்புத்தகம் பத்திரமாக இருந்தது.

*

1920 நவம்பரில் ரீட்டாவோடு ஜப்பான் திரும்பினார். இங்கேதான் கதை எனக்கு மிகவும் அருகில் வருகிறது. அனுப்பிய கம்பெனிக்கு இப்போது அந்த நோட்டு தேவைப்படவில்லை. போருக்குப் பிந்தைய மந்தம். வருடக்கணக்கில் பீப்பாயில் தூங்கவிட வேண்டிய ஒரு சரக்கில் காசைப் போட நிர்வாகத்துக்கு மனமில்லை. 1922இல் வேலையை விட்டார். விஸ்கி வடிக்கத் தெரிந்த அந்த மனிதர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியாராக இருந்தார். ரீட்டா ஆங்கிலமும் பியானோவும் சொல்லித்தந்தார். வெளிநாட்டில் ஒட்டாமல் போனால் ஊர் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஊரில் ஒட்டவில்லை என்றால்?

1923இல் ஷின்ஜிரோ டோரி அவரை அழைத்து, ஆண்டுக்கு 4,000 யென் சம்பளம் தந்தார். 1924இல் யமசாகியில் ஜப்பானின் முதல் விஸ்கி வடிசாலை எழுந்தது. 1929இல் வெளிவந்த முதல் விஸ்கியின் புகைநெடி ஜப்பானியர்களுக்குப் பிடிக்கவில்லை. 1934இல் விலகி, வடக்கே ஹொக்கைடோ தீவின் யோய்ச்சியில் சொந்த வடிசாலை கட்டினார். குளிரும் கடலும் ஸ்காட்லாந்தை நினைவூட்டிய இடம். விஸ்கி பழுக்கும்வரை ஆப்பிள் சாறு விற்றார்கள். முதல் போட்டவர்களில் ஒருவரின் மனைவி ரீட்டாவிடம் ஆங்கிலம் கற்றவர். அந்தக் கம்பெனிதான் பின்னாளில் நிக்கா.

ரீட்டா ஜப்பானிய உணவு சமைக்கவும், ஊறுகாய் போடவும் கற்றார். மொழி கற்றார். குழந்தையைத் தத்தெடுத்தார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் அதெல்லாம் கணக்கில் வரவில்லை. உளவாளியோ என்ற சந்தேகத்தில் போலீஸ் வீட்டைக் கண்காணித்தது. அதே நேரம் கணவரின் விஸ்கி ஜப்பானியக் கடற்படைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த செய்முறைக்கு ராணுவம் இடம் கொடுத்தது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த பெண்ணுக்கு, ஆட்கள் பின்னால் வந்தார்கள்.

தகெட்சுருவுக்கு நடந்தது ஐந்து நாள், சில வாரம், சில மாதம் என்ற தவணைகளில். ரீட்டாவுக்கு அது நாற்பது வருடப் பயிற்சிக்காலம். 1961இல் யோய்ச்சியில் இறந்தார். இன்று அந்த ஊரின் முக்கியத் தெரு அவர் பெயரில் இருக்கிறது. வடிசாலையைப் பார்த்தபடி இருக்கும் குன்றில், 1979இல் இறந்த கணவரோடு அடக்கமாகியிருக்கிறார். யோய்ச்சியில் இன்றும் வாலைக்கு அடியில் நிலக்கரிதான் எரிகிறது. மண்வெட்டியால் அள்ளிப் போடுகிறார்கள், 1920களின் ஸ்காட்லாந்தில் செய்தது போல.

*

இரண்டாவது வார முடிவில் நான் பக்கத்து மேசைப் பெரியவரிடம் போய், “இங்க யாருக்கும் பிடிக்காத வேலை ஏதாவது இருக்கா?” என்று கேட்டேன். சிரித்தார். பதினோரு வருடமாக யாரும் தொடாத பதிவுகள் இருந்தன. பாதி இரட்டிப்பு, பாதி தப்பு. ஒரு மாதம் அதிலேயே கிடந்தேன். என் சந்தேகங்களுக்காக ஒவ்வொரு மேசையாகப் போக வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் அவர்கள் தங்கள் சந்தேகங்களுக்காக என் மேசைக்கு வந்தார்கள். பெயர் போட்ட அட்டை எந்த நாளில் வந்தது என்று இப்போது ஞாபகம் இல்லை.

படிப்பு முடிந்ததும் அங்கே வேலை காலியில்லை என்றார்கள். கடைசி நாள் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பெரியவர் கதவுவரை வந்து, திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் அங்கே எழுதிய குறிப்புகளில் ஒரு பிரதியை, மேலாளரிடம் கேட்டு, அவர்கள் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். அடுத்து வருகிற யாராவது ஒரு பையன் அல்லது பெண், வேலை இல்லாத முதல் வாரத்தில் அதை எடுத்துப் புரட்டக்கூடும்.