நாம் மறக்கலாகாத கணிதப் பேராசிரியர்

ஸ்ரீவராகம் கோவில் குளக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது பேரன் கேட்டான்: "தாத்தா, நம்ம ஊர்ல படிச்ச பெரிய கணக்குக்காரர் யாராவது உண்டா?" கணக்கு வாத்தியாராகவே காலம் கழித்த எனக்கு டாக்டர் எஸ்.எஸ். பிள்ளையின் பெயர்தான் உடனே நாவில் வந்தது.

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901 ஏப்ரல் 5-ஆம் தேதி குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தார். ஒரு வயதில் தாயாரை இழந்தார். அன்று திருவாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டையில் பள்ளிப் படிப்பு முடியும் தருவாயில் தகப்பனாரும் காலமானார். படிப்பு நின்றுபோகாமல் காத்தவர் சாஸ்திரியார் என்ற ஆசிரியர். தம் சம்பளத்தில் ஒரு பகுதியை அந்தப் பையனுக்குக் கொடுத்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்து, உபகாரச் சம்பளத்துடன் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில், அதாவது இன்றைய யூனிவர்சிட்டி காலேஜில், பி.ஏ. படித்தார்.

சென்னையில் ஆனந்த ராவ், வைத்தியநாதஸ்வாமி இருவரிடமும் ஆராய்ச்சி செய்தபின், 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அவருக்குப் புகழ் தந்தது வாரிங் கணக்கு. 703 என்ற எண்ணை ஆறாம் படி எண்களின் கூட்டலாக எழுதிப் பாருங்கள். 3-இன் ஆறாம் படி 729, அது உதவாது. எனவே 64-ஐப் பத்து தடவையும் 1-ஐ 63 தடவையும் கூட்ட வேண்டும், மொத்தம் 73. எந்த எண்ணுக்கும் 73-க்கு மேல் தேவைப்படாது என்று 1940-ல் நிரூபித்தவர் பிள்ளை. ஏழாம் படி முதலான பெரிய படிகளுக்கான விடையை 1936-லேயே அவரும் அமெரிக்கரான டிக்ஸனும் தனித்தனியே கண்டிருந்தார்கள். நான்காம் படிக்கு விடை கிடைக்க 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1941-ல் திருவாங்கூர் சர்வகலாசாலைக்கு வந்தவர், மறு வருஷமே கல்கத்தா போய்விட்டார். பின்னர் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் ஆராய்ச்சி நிலையம் அவரை அழைத்தது. ஹார்வர்டில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளப் புறப்பட்டார். 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமானம் விழுந்து நொறுங்கியது. பயணம் செய்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிள்ளைக்கு வயது 49. அவருடைய கட்டுரைகள் 2010-ல்தான் தொகுப்பாக வெளிவந்தன.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பேரன், "அந்த சாஸ்திரியார் இல்லேன்னா?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. என் வகுப்பிலும் அப்படி ஒரு பையன் இருந்தான். கணக்கில் புலி. தகப்பனார் போனதும் ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டான். "பாவம்" என்று சொன்னதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

எந்த ஊரில் இருக்கும் அங்கத்தினரானாலும் சரி, அப்படி ஒரு குழந்தை கண்ணில் பட்டால், யார் வீட்டுக் குழந்தை என்று பாராமல் கை கொடுங்கள். நான் செய்யத் தவறியது அதுதான்.