திரை ஓரத்தின் மங்கல்

கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்தவர். 1905-இல் துபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். 1914-இல் கோவையில் அவரது வெரைட்டி ஹால் திரையரங்கு எழுந்தது. அந்தப் பெயரில் தெரு இன்றும் இருக்கிறது. பின்னாளில் அவிநாசி போன்ற கொங்குச் சிற்றூர்களும் டூரிங் கொட்டகையில் படம் பார்த்தன.

அக்காலப் புரொஜெக்டர்களில் பரவலாக இருந்தது, ஜோசப் பெட்ஸ்வால் 1840-இல் வடிவமைத்த லென்ஸின் வழிவந்த வகை. நடுவில் பளிச்சென்று காட்டும், ஓரத்தில் மங்கும். ஓர ஒளியை நடு ஒளியால் வகுத்தால் வருவதே சார்பு ஒளிர்வு.

இதற்குப் பொதுவிதி, லென்ஸின் அச்சிலிருந்து கதிர் சாயும் கோணத்தின் கோசைனை நான்காம் படிக்கு உயர்த்துவது. 45 பாகையில் ஒளி கால்பங்காகிவிடும். ஆனால் கொட்டகைக் கணக்கு வேறு. மௌனப்படச் சட்டம் ஏறத்தாழ 24-க்கு 18 மில்லிமீட்டர், மூலைவிட்டம் 30. குவியத்தூரம் 100 மில்லிமீட்டர் என்றால் மூலைக்கான கோணம் சுமார் 8.5 பாகைதான். அங்கே 96 சதவீத ஒளி மிஞ்சவேண்டும். பிறகு மூலை ஏன் இருண்டது? பழி கோசைனுக்கு அல்ல, லென்ஸ் குழலுக்கு. பெட்ஸ்வாலின் முன், பின் கண்ணாடித் தொகுதிகளுக்கு இடைவெளி அதிகம். சாய்ந்து வரும் கதிர்க்கற்றையின் ஒரு பகுதியை விளிம்பு வெட்டிவிடும். விளக்கொளி படச்சட்டத்தில் சீராக விழாவிட்டால் மங்கல் இன்னும் கூடும். ஆகவே வடிவமைப்பாளர் கோசைனோடு நிற்பதில்லை. சாய்ந்த கற்றையில் தடைபடாமல் தப்பும் பரப்பையும் அளந்து பெருக்குகிறார்.