பாஸ் கிற்றாரின் பிரிட்ஜ்: மாற்றுவதா, திருத்துவதா?

"அண்ணே, பிரிட்ஜ மாத்தினா சவுண்ட் கூடுமா?" நானுஓயா, ரதல்ல, தலவாக்கலைப் பக்கம் பாஸ் கிற்றார் வாசிக்கும் தம்பிமாரிடமிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்பவர்களில் பலரிடம் இருப்பது ஒரே ஒரு கருவி. கோயில் திருவிழா, தேவாலயப் பாடகர் குழு, கல்யாண வீடு எல்லாவற்றுக்கும் அதுவே போய்வரும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு மேலே போனதற்குப் பிறகு, வெளிநாட்டிலிருந்து ஒரு நல்ல பிரிட்ஜ் எடுப்பிப்பது சின்னச் செலவு அல்ல. எனவே வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவற்றை எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன்.

வீணையில் தந்திகளைத் தாங்கும் பாகத்தைக் குதிரை என்கிறோம். கிற்றார்க்காரர்கள் பிரிட்ஜின் மேல் தந்தி உட்காரும் சிறிய துண்டை சேடில், அதாவது சேணம் என்கிறார்கள். குதிரை நமது, சேணம் அவர்களுடையது. வீணையின் குதிரையை நகர்த்திச் சுருதி சரிபார்க்கும் வேலை தினமும் இல்லை. பாஸ் கிற்றாரில் ஒவ்வொரு தந்திக்கும் தனிச் சேடில் இருப்பதே அதை முன்னும் பின்னும், மேலும் கீழும் நகர்த்துவதற்காகத்தான்.

ஆரம்பத்தில் அப்படி இருக்கவில்லை. 1951இல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பாஸில் நான்கு தந்திகளுக்கு இரண்டே சேடில்கள். ஒன்றை நகர்த்தினால் இரண்டு தந்திகளின் சுருதியும் சேர்ந்தே மாறும். ஒன்று சரிவந்தால் பக்கத்துத் தந்தி தவறும். 1957இல்தான் நான்கு சேடில்கள் வந்தன. வளைத்த உலோகத் தகடு, அதன்மேல் நான்கு சிறு உருளைகள், பின்னால் ஸ்பிரிங் போட்ட நான்கு திருகாணிகள். இன்று சீனாவிலும் இந்தோனேசியாவிலும் செய்து நமது கடைகளுக்கு வரும் மலிவான கருவிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பதும் அதே வடிவம்தான். 1970களில் கலிபோர்னியாவில் லியோ குவான் என்ற பெயரில் வந்த பேடாஸ் பிரிட்ஜ், தகட்டுக்குப் பதிலாகக் கனமான வார்ப்பு உலோகத்தைக் கொண்டுவந்தது. ரஷ் குழுவின் கெடி லீ அதைத் தனது ஜாஸ் பாஸில் பொருத்தியதும், கனமான பிரிட்ஜ் என்றால் நல்ல சத்தம் என்ற எண்ணம் பரவிவிட்டது. கோட்டோ, ஹிப்ஷொட், ஷாலர் எல்லாம் இந்த வரிசையில் வருபவை.

கனம் கூடினால் சத்தம் கூடுமா? என் காதுக்கு, விட்டுப்போன ஒரு சுரம் கொஞ்சம் நேரம் கூட நிற்கிறது. அடித்த முதல் நொடி சற்றுத் தெளிவாகக் கேட்கிறது. திருவிழா மேடையில், தவில் பக்கத்தில் நிற்கும்போது அந்த வித்தியாசம் யாருக்கும் கேட்காது. அதே காசில் ஒரு செட் புதுத் தந்தி போட்டால் இதைவிடப் பல மடங்கு மாற்றம் தெரியும். பிரிட்ஜை மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் வேறு: சேடிலின் மரை தேய்ந்துவிட்டது, தகடு மேலே வளைந்து தூக்கிக்கொண்டது, சேடிலைப் பின்னால் தள்ள இடமில்லை, தந்திகளின் இடைவெளி விரலுக்குச் சரிவரவில்லை. நான்கு தந்திகளும் சேர்ந்து பிரிட்ஜை ஏறக்குறைய 75 முதல் 80 கிலோ எடைக்குச் சமமான விசையால் இழுத்துக்கொண்டிருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். மெல்லிய தகடு ஒருநாள் வளைவதில் ஆச்சரியமில்லை.

எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. நானுஓயா கடல் மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கு மேலே இருக்கிறது. தென்மேல் பருவக்காற்றில் மாதக்கணக்காக மழையும் மிஸ்ட்டும். லயன் அறைச் சுவரில் சாய்த்து வைத்த கருவியில் முதலில் துருப்பிடிப்பது சேடிலின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் தலையில்லாத சின்னத் திருகாணிகள்தான். துருப்பிடித்ததை அலன் கீ போட்டுப் பலத்தோடு திருப்பினால் உள்ளே இருக்கும் ஆறுமூலைக் குழி வட்டமாகிவிடும். முதல்நாள் இரவே ஒரு சொட்டுத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். அலன் கீயின் அளவையும் பாருங்கள். 1.5 மில்லிமீற்றரும் 1/16 அங்குலமும் கண்ணுக்கு ஒன்றுதான். ஆனால் 1/16 அங்குலம் என்பது 1.59 மில்லிமீற்றர். அந்தச் சின்ன இடைவெளி போதும் குழியைக் கெடுக்க. துருப்பிடித்தவற்றைக் கழற்றிவிட்டு அதே மரையுள்ள ஸ்டெயின்லெஸ் திருகாணி எட்டு போட்டால், பல பேருக்கு அதற்குமேல் மாற்றம் தேவைப்படாது.

செலவில்லாத திருத்தங்கள் இன்னும் உண்டு. வாசிக்கும்போது எங்கோ இரைகிறதா? பெரும்பாலும் தளர்ந்த உயரத் திருகாணிதான். உயரத்தைச் சரிசெய்தபின் அதன் தலையில் ஒரு துளி நகப்பூச்சு வையுங்கள், அசையாது. பழைய தமிழ்ப் பாட்டுகளில் வரும் 'தும் தும்' என்ற உருண்டையான சத்தம் வேண்டுமென்றால் தந்திகளுக்குக் கீழே, பிரிட்ஜை ஒட்டி ஒரு துண்டு ஸ்பொஞ்ச் செருகிப் பாருங்கள். இது ஏமாற்று வேலை அல்ல. ஃபெண்டரே பழைய கருவிகளில் பிரிட்ஜ் மூடிக்குள் இப்படி ஒன்றை வைத்திருந்தார். மோட்டவுன் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தனது 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷனில் அதை எடுக்காமலே வாசித்தார். இளையராஜாவின் பாட்டுகளில் பாஸ் தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டு போகுமே, அதைப் பழகுபவர்களுக்கு இந்த ஸ்பொஞ்ச் நல்ல துணை. சுரம் இழுபடாமல் தனித்தனியாக விழும்.

இனி மாற்றியே ஆகவேண்டும் என்றால், வாங்குமுன் அளக்க வேண்டியவை மூன்று. முதலாவது தந்திகளின் இடைவெளி: பெரும்பாலான நான்கு தந்திக் கருவிகளில் ஒரு தந்தியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மில்லிமீற்றர். இரண்டாவது திருகாணித் துளைகளின் அமைப்பு. ஃபெண்டர் வகையில் பின்விளிம்பில் ஐந்து துளைகள். பழைய துளைகளிலேயே உட்காரும் பிரிட்ஜ் கிடைத்தால் வேலையில் பாதி முடிந்தது. மூன்றாவது உயரம். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். வார்ப்புப் பிரிட்ஜ்களின் அடித்தளம் தடிப்பானது. சேடிலை முழுக்க இறக்கியும் தந்தி உயரமாகவே நின்றால் நெக்கைக் கழற்றி, அதன் அடியில் மெல்லிய தகடு வைத்துச் சாய்வை மாற்ற வேண்டி வரும். பழைய பிரிட்ஜில் சேடில் இன்னும் எவ்வளவு இறங்கும் என்று முன்பே பார்த்துக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை.

துளைகள் பொருந்தாவிட்டால் பழையவற்றை அடைக்க வேண்டும். மலிவான கருவிகளின் உடல் மென்மையான மரம். அதில் பழைய துளைக்குப் பக்கத்திலேயே புதிய துளை போட்டால் இரண்டும் ஒன்றாகிப் பிய்ந்துவிடும். கடின மரத்தில் சீவிய குச்சியை வெள்ளை மரப்பசையில் தோய்த்து இறுக்கமாக அடித்துக் காயவிடுங்கள். பசை டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் வெப்பமான ஊருக்கானது. தை மாத இரவில் இங்கே 10 பாகைக்குக் கீழே குளிரும்போது அந்தப் பசை சரியாகப் பிடிக்காது. அடுப்படிப் பக்கம் வைத்து இரண்டு நாள் பொறுங்கள்.

புதிய பிரிட்ஜின் இடத்தைக் கண்ணால் தீர்மானிக்காதீர்கள். 34 அங்குலக் கருவியில் நட்டிலிருந்து பன்னிரண்டாவது பிரெட்டுக்கு 431.8 மில்லிமீற்றர், பன்னிரண்டாவது பிரெட்டிலிருந்து சேடிலுக்கும் அதே அளவு, அதோடு கொஞ்சம் கூட. மெல்லிய ஜீ தந்திக்கு அந்தக் கொஞ்சம் இரண்டு மூன்று மில்லிமீற்றர், தடித்த ஈ தந்திக்கு ஐந்து ஆறு. எனவே ஜீ சேடிலை ஏறக்குறைய முன்னால் கொண்டுவந்து அந்த அளவில் வைத்தால், மற்றவை பின்னால் போக இடமிருக்கும். பிறகு நட்டிலிருந்து நூல் பிடித்து, வெளித்தந்திகள் இரண்டும் நெக்கின் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். அதன் பின்னர்தான் துளை.

பொருத்தி முடிந்ததும் ஒழுங்கு முக்கியம்: முதலில் நெக்கின் வளைவு, அடுத்து உயரம், கடைசியில் சுருதி. பன்னிரண்டாவது பிரெட்டில் தந்தியைத் தொட்டு எழுப்பும் சுரத்தையும் அதே பிரெட்டில் அழுத்தி எழுப்பும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், குறைவாக இருந்தால் முன்னால். தந்தி பழையதாக இருந்தால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. பழைய பிரிட்ஜைக் கழற்றினால் அடியில் ஒரு வெறுங்கம்பி தெரியும். குப்பை என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். அது தந்திகளை அம்ப்ளிபயரின் எர்த்துடன் இணைக்கிறது. புதிய தகடு அதன்மேல் நன்றாக அழுந்த வேண்டும். தகட்டின் அடியில் பூச்சு இருந்தால் அந்த இடத்தில் சுரண்டிவிடுங்கள். இணைப்பு விட்டுப்போனால் இரைச்சல் தொடங்கும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஈ தந்தியின் மூன்றாவது பிரெட் 49 ஹேர்ட்ஸ். இரைச்சல் சுரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்தக் குமிழைத் திருகினாலும் போகாது.

அந்தக் கம்பி இன்னொன்றும் செய்கிறது: வாசிப்பவரின் கையை அம்ப்ளிபயரின் எர்த்துடன் சேர்த்துவிடுகிறது. அம்ப்ளிபயரோ மிக்ஸரோ ஒன்றில் எர்த் இல்லாவிட்டால், ஒரு கை தந்தியில் இருக்க உதடு மைக்கில் படும் கணத்தில் 230 வோல்ட் உடலுக்குள் போகலாம். 1972 மே மாதம் வேல்ஸின் சுவான்சி நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையிலேயே இறந்தது இப்படி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டதனால்தான். தோட்டத்துத் திருவிழாவில் ஜெனரேட்டர், நனைந்த புல், மூன்றாவது முள் உடைந்த பிளக் மூன்றும் ஒரே இடத்தில் சேரும். பயந்துபோய் பிரிட்ஜ் கம்பியை எடுத்துவிடுவது தீர்வல்ல. பிளக்கைத் திருத்துங்கள். அம்ப்ளிபயரையும் மிக்ஸரையும் எர்த் உள்ள ஒரே பலகையிலிருந்து, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வழியாக எடுங்கள். பாடத் தொடங்குமுன் மின்காரரை அழைத்து, மைக்குக்கும் தந்திக்கும் இடையே மீற்றர் வைத்து வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவர் காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை கருவியைத் தோளில் போட வேண்டாம்.

கழற்றிய பழைய பிரிட்ஜையும் அதன் ஐந்து திருகாணிகளையும் ஒரு பையில் போட்டுக் கருவியோடேயே வைத்திருங்கள். விற்கும்போது கேட்பார்கள்.